கார்க் தீவும் மணலியும்: சோழவரம் வட்டாரத்தில் போரும் எண்ணெயும் (1914–2023)

செங்குன்றத்தைத் தாண்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சோழவரம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியின் ஊர் என்று எல்லோரும் அறிவார்கள். ஐம்பதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு இன்னொரு நினைவும் இருக்கும். 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் இந்த ஊரில்தான் நடந்தன. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்த பின் அந்தக் கூட்டம் இங்கிருந்து விலகியது. சோழவரத்தில் கார்கள் ஓடிய தரை பந்தயத்துக்காகப் போட்டதன்று. வங்காள விரிகுடா ஜப்பானின் கைக்குப் போய்விடும் என்று பிரிட்டன் அஞ்சிய நாட்களில் போர் விமானங்களுக்காக அமைத்த ஓடுதளம் அது.

வட சென்னையிலிருந்து மணலி, எண்ணூர், மீஞ்சூர், சோழவரம், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை நீளும் தொழிற்பகுதியின் வரலாற்றை, காமராஜர் காலத் தொழில்வளர்ச்சி என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதி முடிப்பது வழக்கமாகிவிட்டது. அது உண்மை, ஆனால் முழு உண்மையாகாது. இங்கே எது, எப்போது, யாருடைய பணத்தில், எந்த நாட்டுக் கச்சா எண்ணெயை நம்பி எழுந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், பல முடிவுகளுக்கான காரணம் ரங்கூனிலும் அபாதானிலும் தெஹ்ரானிலும் கிடக்கிறது. அந்தத் தொடர்பை 1914 முதல் 2023 வரை பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். எண்ணெய் பற்றிய கணக்கை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்றையும், அதாவது இந்த வட்டாரத்தின் தண்ணீரையும், அதே கணக்கில் சேர்த்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஐராவதியின் எண்ணெய்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் விளக்குகள் பெரிதும் பர்மாவின் மண்ணெண்ணெயில் எரிந்தன. யெனாங்யாங் கிணறுகளிலிருந்து எடுத்த எண்ணெய் ரங்கூனுக்கு எதிரேயுள்ள சிரியம் ஆலையில் சுத்திகரிக்கப்பட்டு, கப்பலில் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. விற்றது பர்மா ஆயில் கம்பெனி. சென்னைத் துறைமுகத்தருகே அதற்குப் பெரிய எண்ணெய்த் தொட்டிகள் இருந்தன.

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னைக்கு முன்னால் வந்து நின்றபோது, அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் முதலில் குறிவைத்தது அந்தத் தொட்டிகளைத்தான். கோட்டையையோ உயர் நீதிமன்றத்தையோ அவர் பெரிதாகக் கருதவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் சில நிமிடங்களில் வந்து விழுந்தன. தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். எம்டனின் துணிச்சலைப் பற்றிப் பேசிப் பேசி, அந்த இரவில் நடந்ததன் பொருளை நாம் கவனிக்காமல் விட்டோம் என்று நினைக்கிறேன். சென்னைக் கரையில் எண்ணெய் ஒரு போர் இலக்காக மாறியது அன்றுதான்.

அடுத்த அடி இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு விழுந்தது. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அதற்கு முந்தைய நாள், எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று பிரிட்டிஷார் தாங்களே சிரியம் ஆலையைத் தகர்த்தார்கள். ஏப்ரல் நடுவில் யெனாங்யாங் கிணறுகளுக்கும் அதே கதி. இந்தியாவுக்கு மண்ணெண்ணெய் கொடுத்த மூலம் சில வாரங்களில் அடியோடு போனது. பர்மாவிலிருந்த இந்தியர்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் தப்பி வந்தனர். பெரும்பாலோர் காடுகளையும் மலைகளையும் நடந்து கடந்தவர்கள். வழியில் இறந்தவர்களின் சரியான எண்ணிக்கை எந்த ஏட்டிலும் இல்லை. தமிழர்கள் அவர்களில் பெரும் தொகை. 1962க்குப் பின் நே வின் ஆட்சி கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது இன்னொரு அலை வந்தது. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் பர்மாவின் பெயர் தாங்கிய குடியிருப்புகள் இருப்பது இதனால்தான். எண்ணெயை இழந்த அதே கரை, எண்ணெய் நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தது.

ஓடுதளமும் ஏரியும்

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. அந்த ஒரு வாரத்தில் வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. சென்னை மாகாண அரசு மக்களை நகரத்தைவிட்டு வெளியேறச் சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. அஞ்சிய படையெடுப்பு நடக்கவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது; அவ்வளவே.

ஆனால் அந்த அச்சம் நகரின் வடபுறத்தை மாற்றியமைத்தது. சோழவரத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஓடுதளம் வந்தது. பக்கத்தில் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பரப்பிலேயே கட்டலினா வகைக் கடல் விமானங்கள் இறங்கி ஏறின. 240ஆவது படைப்பிரிவின் தளமாக அந்த ஏரி விளங்கியது. அங்கிருந்து புறப்பட்ட விமானங்கள் விரிகுடாவின் மேல் நெடுநேரம் பறந்து நீர்மூழ்கிகளைத் தேடின. சென்னையின் குடிநீர் ஏரி போர்த்தளமாகவும் பணிசெய்த காலம் அது. தென்மேற்கே ஆவடியில் ராணுவக் கிடங்குகள் பெருகின.

இந்த விமானங்களுக்கான எரிபொருள் இனி பர்மாவிலிருந்து வர வழியில்லை. பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதியில், ஆங்கிலோ-ஈரானியன் ஆயில் கம்பெனியின் அபாதான் ஆலை அன்று உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளுள் ஒன்று. போர்க்காலத்தில் உயர்தர விமான பெட்ரோலை அது பெருமளவில் உற்பத்தி செய்தது. ஈரான் நடுநிலை வகித்த நாடு. ஆனாலும் 1941 ஆகஸ்டில் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் படையோடு உள்ளே நுழைந்து, ரேசா ஷாவை இறக்கி, அவர் மகனை அரியணையில் அமர்த்தின. எண்ணெய் வயல்களைக் காப்பது அந்தப் படையெடுப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று. சென்னைக் கரை ஐராவதியிலிருந்து பாரசீக வளைகுடாவுக்குத் திரும்பியது இந்த இரண்டு ஆண்டுகளில்தான். பின்னர் அது மாறவே இல்லை.

அபாதானிலிருந்து மணலிக்கு

1951இல் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. பிரதமர் முகமது மொசாதேக் உறுதியாக நின்றார். பிரிட்டன் ஈரானிய எண்ணெயை யாரும் வாங்கவிடாமல் கடலில் தடுத்தது; அபாதான் ஆலை முடங்கியது. 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் துணையோடு மொசாதேக்கின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது.

இந்தியாவில் இதன் விளைவு உடனே தெரிந்தது. சுத்திகரித்த எண்ணெயை வெளியிலிருந்து வாங்கியே காலம் தள்ளிய நாட்டில் ஆலை கட்டுவதை நீண்ட நாள் தட்டிக்கழித்த வெளிநாட்டுக் கம்பெனிகள் இப்போது ஒப்புக்கொண்டன. டிராம்பேயில் ஸ்டான்வாக் ஆலை 1954இலும் பர்மா-ஷெல் ஆலை அடுத்த ஆண்டிலும் ஓடத் தொடங்கின. கால்டெக்ஸ் 1957இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு ஒன்றும் வரவில்லை. 1960இல் சோவியத் நாடு மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தபோது, அதைத் தங்கள் ஆலைகளில் சுத்திகரிக்க இந்தக் கம்பெனிகள் மறுத்தன. நம் மண்ணில் நிற்கும் ஆலையில் எந்த எண்ணெயை ஊற்றுவது என்பதை லண்டனும் நியூயார்க்கும் தீர்மானிக்கின்றன என்பது அப்போது டெல்லிக்கு உறைத்தது.

அதே காலத்தில் ஈரானில் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. பெரிய கம்பெனிகளின் கூட்டமைப்புக்கு வெளியே இருந்த நிறுவனங்களோடு தேசிய ஈரானிய எண்ணெய் நிறுவனம் தனித்தனியாக ஒப்பந்தம் செய்யத் தொடங்கியது. 1957இல் இத்தாலியின் என்ரிகோ மத்தேயோடு ஒன்று. 1958இல் அமெரிக்காவின் பான் அமெரிக்கன் கம்பெனியோடு மற்றொன்று. இந்த இரண்டாம் கூட்டணி கார்க் தீவை ஒட்டிய கடலில் கண்டுபிடித்த வயலுக்கு தாரியஸ் என்று பெயர். அதில் கிடைத்தது கந்தகம் கூடிய கச்சா எண்ணெய். எண்ணெய் கிடைத்தது, வாங்க ஆள் வேண்டும். பெரிய கம்பெனிகளின் சந்தைகள் அவர்களுக்குள் பங்கிடப்பட்டிருந்தன. புதிதாக வந்தவர்களுக்குப் புதிய ஆலை, புதிய நாடு தேவைப்பட்டது.

மணலி ஆலைக்கான ஒப்பந்தம் 1965 நவம்பரில் கையெழுத்தானது. பாகிஸ்தானோடு நடந்த போர் ஓய்ந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. டிசம்பர் 30 அன்று மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் பதிவானது. பங்கு இந்திய அரசுக்கு 74 சதவீதம். பான் அமெரிக்கனின் தாய்நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த அமோகோவுக்கு 13. தேசிய ஈரானிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. தாரியஸ் வயலின் இரு உரிமையாளர்களும் அப்படியே மணலியின் பங்குதாரர்கள் ஆனார்கள். ஆலையும் தாரியஸ் எண்ணெயைச் சுத்திகரிக்கும் வகையிலேயே வடிவமைக்கப்பட்டது. இது தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. விற்பவருக்கு நிலையான வாடிக்கை. வாங்குபவருக்குப் பழைய கம்பெனிகளின் பிடியிலிருந்து விடுதலை. அதே டிசம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே மாதத்தில், ஒரே மாவட்ட எல்லைக்குள், போர் வண்டிக்கும் எரிபொருளுக்கும் அடித்தளம் விழுந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதி இன்றைய வடிவத்தைப் பெறத் தொடங்கியது அப்போதுதான்.

ஆலையைக் கட்ட 27 மாதங்கள். செலவு சுமார் 43 கோடி ரூபாய். கொள்ளளவு ஆண்டுக்கு 25 லட்சம் டன். 1969இல் உற்பத்தி தொடங்கியது. எரிபொருளோடு மசகு எண்ணெய்க்கான மூலப்பொருளும் மெழுகும் கிடைத்தன. அமோகோ கூட்டோடு 1966இல் தொடங்கிய மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், ஆலையிலிருந்து கிடைத்த நாஃப்தாவை யூரியாவாக்கியது. ஈரானிய நிறுவனம் அதிலும் பின்னர் பங்கு பெற்றது. தஞ்சை வயலுக்குப் போன உர மூட்டையின் மூலம் கார்க் தீவின் கடலடியில் இருந்தது. பெரிய டேங்கர் கப்பல்கள் வர சென்னைத் துறைமுகத்தில் 1972இல் பாரதி டாக் அமைந்தது. அங்கிருந்து மணலிக்கு வட சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளுக்கு அடியில் குழாய் ஓடியது. எம்.ஆர்.எல். என்ற மூன்றெழுத்து ஒரு தலைமுறைக்கு நிரந்தர வேலையின் பெயராகவே நிலைத்தது.

தண்ணீர்க் கணக்கு

சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும் கச்சா எண்ணெய்க்கு அடுத்து வேண்டியது தண்ணீர். குளிர்விக்கவும் நீராவிக்கும் அது ஓயாமல் வேண்டும். அதற்கு மணலி எங்கே போனது?

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்ந்து படியவைத்த மணற்படுகை சோழவரத்தைச் சுற்றியுள்ள நிலத்தடியில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் இங்கே ஆய்வு நடந்தது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணற்று வயல்கள் அமைக்கப்பட்டு, மணலித் தொழிற்சாலைகளுக்கு நீர் இறைக்கப்பட்டது. இறைப்பு ஊறுவதை விஞ்சியது. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடிக்குள் உட்புகுந்தது. முப்போகம் கண்ட கழனிகளின் கிணறுகளில் உப்பு ஏறியது. அரசு 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு ஆலை கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தவும், காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கவும் தொடங்கியது. இவை நல்ல மாற்றங்கள், அவற்றைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நிலத்தடிக்குள் ஏறிய உப்பு சட்டம் போட்டதும் இறங்கிவிடவில்லை.

எண்ணெய் நெருக்கடி வந்தால் நாட்டுக்கு ஆகும் செலவு டாலரில் எழுதப்படுகிறது, நாடாளுமன்றத்தில் பேசப்படுகிறது. அந்த எண்ணெயைச் சுத்திகரிக்க மீஞ்சூர் விவசாயி கொடுத்த கிணறு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் அறுப்பது இதுதான்.

1979: பங்கு நின்றது, வயல் போனது

1973 அக்டோபர் அரபு–இஸ்ரேல் போருக்குப் பின் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. விலையேற்றத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் ஈரானின் ஷா. ஆனாலும் இந்தியாவோடு அவர் நட்பைக் காத்தார். 1974இல் இந்திரா காந்தி தெஹ்ரானுக்கும் ஷா டெல்லிக்கும் போய்வந்தார்கள். சலுகைக் கடனில் எண்ணெய், குதிரேமுக் இரும்புத்தாதுத் திட்டத்துக்கு நிதி என்று பேச்சுகள் நீண்டன.

பிறகு அந்த ஏற்பாடு முழுவதும் சரிந்தது. 1978 அக்டோபரிலிருந்து ஈரானின் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு பேரரசின் ஆயுதக் குவியலை எண்ணெய் வால்வை மூடிய தொழிலாளர்கள் செயலற்றதாக்கினார்கள். 1979 ஜனவரி 16 அன்று ஷா நாட்டைவிட்டு வெளியேறினார். பிப்ரவரி 1 அன்று அயதொல்லா கொமெய்னி திரும்பினார். 1980 செப்டம்பரில் ஈராக் படையெடுத்தது. அபாதான் ஆலை முற்றுகையில் சிதைந்தது. இந்தியாவில் டீசலும் மண்ணெண்ணெயும் தட்டுப்பட்டன. அசாம் கிளர்ச்சியில் உள்நாட்டுக் கச்சா எண்ணெயும் தடைபட்டது. கெரசின் வரிசையில் கேனோடு நின்ற தலைமுறையிடம் கேட்டால் அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்வார்கள்.

ஒரு சுத்திகரிப்பு ஆலை எந்தக் கச்சா எண்ணெயையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாது. அடர்த்தியும் கந்தகமும் மாறினால் வடிகட்டும் கோபுரத்தின் வெப்பநிலை, குழாயின் உலோகம், விளைபொருள் விகிதம் எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும். ஒற்றை வயலை நம்பித் தொடங்கிய மணலி, இந்தப் பத்தாண்டுகளில் பலவகை எண்ணெயைக் கலந்து ஓட்டக் கற்றது. 1976இல் உற்பத்தி தொடங்கிய பம்பாய் ஹை வயல் பெரிதும் உதவியது. பின்னாளில் காவிரிப் படுகையின் நரிமணம் எண்ணெய்க்காக நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993இல் சிறு ஆலை ஒன்றும் அமைந்தது. மணலியின் பொறியாளர்களும் ஆபரேட்டர்களும் அந்த ஆண்டுகளில் செய்த வேலைக்கு உரிய பெருமை இன்னும் கிடைக்கவில்லை.

வியப்பான ஒன்று உண்டு. 1979 நவம்பரில் தெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபின் அமெரிக்காவும் ஈரானும் பகைநாடுகள் ஆயின. ஆனால் மணலியில் ஓர் அமெரிக்க நிறுவனமும் ஈரான் அரசின் நிறுவனமும் 1985 வரை ஒரே கம்பெனியின் பங்குதாரர்களாகத் தொடர்ந்தன. அந்த ஆண்டு அமோகோ தன் பங்கை இந்திய அரசுக்கு விற்றுவிட்டு வெளியேறியது. ஈரான் நின்றது, அதன் பங்கு 15.38 சதவீதமானது.

வயலின் கதி வேறு. புரட்சிக்குப் பின் தாரியஸ் என்ற பேரரசனின் பெயர் நீக்கப்பட்டு தொரூத் என்ற பெயர் வந்தது. நம் எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் 1965இல் இத்தாலிய, அமெரிக்கக் கம்பெனிகளோடு சேர்ந்து இறங்கிக் கண்டுபிடித்த ரோஸ்டம் வயல் ரெஷாதத் ஆனது. இந்தியா வெளிநாட்டில் எண்ணெய் தேடிக் கண்ட முதல் வெற்றி அது. அந்த வயலின் மேடைகளை 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை சுட்டு எரித்தது. டேங்கர் போர் என்று அழைக்கப்படும் அந்தக் காலத்தில், ஈரானிய ஏவுகணைத் தாக்குதலுக்குப் பதிலடியாக அது நடந்தது. வழக்கு பன்னாட்டு நீதிமன்றம் வரை போய் 2003இல் தீர்ப்பானது.

திருகோணமலை, மீனம்பாக்கம், காட்டுப்பள்ளி

அதே 1987இன் ஜூலையில் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனேவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். அவற்றில் ஒரு பொருள், திருகோணமலையின் எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பது. பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டப்பட்ட அந்தத் தொட்டிகளில் ஒன்று 1942 ஏப்ரல் 9 தாக்குதலில் அழிந்தது. தமிழர் உரிமைக்கான போராட்டத்தைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்பட்ட ஒப்பந்தத்தின் இணைப்பில் எண்ணெய்த் தொட்டி இடம்பெற்றதை ஆய்வாளர்கள் ஓரமாகத் தள்ளிவிடக் கூடாது. இந்தியப் படை போனது, போர் வளர்ந்தது, அகதிகள் படகேறினார்கள். கும்மிடிப்பூண்டி முகாமிலும் புழல் முகாமிலும் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. தொட்டி ஒப்பந்தமோ 2022 ஜனவரியில்தான் முழு வடிவம் பெற்றது. அதே ஆண்டு இலங்கையில் எரிபொருள் தீர்ந்து மக்கள் தெருவுக்கு வந்து, ஜூலையில் அதிபரே நாட்டைவிட்டு ஓடினார். இந்தியா 50 கோடி டாலர் எரிபொருள் கடன் கொடுத்திருந்தது.

வளைகுடாவின் போர் சென்னையை நேரடியாகத் தொட்டது 1991 ஜனவரியில். அமெரிக்க ராணுவச் சரக்கு விமானங்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் வழியில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதித்தது. மெட்ராஸின் மீனம்பாக்கமும் அந்த விமான நிலையங்களில் ஒன்று. செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த காங்கிரஸ் எதிர்த்தது. பிப்ரவரியில் அனுமதி முடிவுக்கு வந்தது. மார்ச்சில் அரசே போனது. குவைத்திலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானத்தில் திரும்பியிருந்தார்கள். எண்ணெய் விலையும் நின்றுபோன வெளிநாட்டுச் சம்பளமும் சேர்ந்து நாட்டைத் தங்கம் அடகு வைக்கும் நிலைக்குக் கொண்டுபோயின.

அன்று சில வாரங்கள் எரிபொருள் கொடுத்ததே ஓர் அரசுக்குத் தீராத தலைவலியானது. 2016இல் இந்திய, அமெரிக்கப் படைகளும் ஒன்றன் தளத்தில் மற்றது எரிபொருளும் பழுதுபார்ப்பும் பெறலாம் என்று முறையான ஒப்பந்தமே கையெழுத்தானது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ட்ரூ என்ற சரக்கு, வெடிமருந்துக் கப்பல் பழுதுபார்க்க வந்து நின்ற இடம் காட்டுப்பள்ளி. இந்தியாவில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. சோழவரத்துக்குக் கிழக்கே, அதே மாவட்டத்தின் கடற்கரை அது. தெருவில் எதிர்ப்பு இல்லை. முப்பத்தோரு ஆண்டுகளில் இந்தக் கரையின் அரசியல் எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தடைகளின் காலம்

2000இல் எம்.ஆர்.எல். சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது. பெரும்பங்கு இந்தியன் ஆயிலுக்குப் போனது, இன்று 51.89 சதவீதம். ஈரானிய நிறுவனத்தின் துணை நிறுவனமான நஃப்திரான் இன்டர்டிரேட் 15.40 சதவீதம் வைத்திருக்கிறது. உர ஆலையிலும் அதற்குக் கால் பங்குக்கு மேல் உண்டு.

அணுத் திட்டத்தை முன்னிட்டு ஈரான் மீது தடைகள் இறுகியபோது முதலில் அடைபட்டது பணம் போகும் வழி. 2010 டிசம்பரில் ஆசியத் தீர்வு ஒன்றியத்தின் வழியே ஈரானிய எண்ணெய்க்குப் பணம் செலுத்துவதை ரிசர்வ் வங்கி நிறுத்தியது. பிறகு துருக்கி வங்கி வழியாக. 2012இல் ஒரு பகுதி ரூபாயாக யூகோ வங்கியில். அதே ஆண்டு ஐரோப்பியக் காப்பீடு நின்றதால் டேங்கர்கள் வரவே தயங்கின. 2018 மே மாதம் அமெரிக்கா அணு உடன்பாட்டிலிருந்து விலகியது. இந்தியாவுக்குக் கொடுத்த விலக்கு 2019 மே தொடக்கத்தில் முடிந்தது. ஈரானிய எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாரியஸ் எண்ணெயோடு தொடங்கிய ஆலை, ஈரானைப் பங்குதாரராக வைத்துக்கொண்டே ஈரானின் எண்ணெயை வாங்க முடியாத இடத்துக்கு வந்தது. 2022க்குப் பின், உக்ரைன் போரின் விளைவாக, இந்திய ஆலைகளின் எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு மிகச் சிறிய அளவிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு ஏறியது. 1960இல் கம்பெனிகள் சுத்திகரிக்க மறுத்த நாட்டின் எண்ணெய் நம் முதன்மை வரவானது.

இந்த நூற்றாண்டு வரலாறு கொள்கை வகுப்போருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பங்கு கொடுத்து ஒரு நாட்டைக் கட்டிப்போட்டால் எண்ணெய் நிலையாக வரும் என்ற 1965இன் கணிப்பு பொய்த்தது. காப்பாற்றியது பல வாயில்களைத் திறந்து வைத்ததும், எந்த எண்ணெயையும் கையாளும் தொழில்திறனும்தான். சேமிப்புக் கிடங்கிலோ நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் மூன்றிலும் சேர்ந்து 53 லட்சம் டன் அவசர இருப்புக்கு இடம் உண்டு. தமிழ்நாட்டில் அத்தகைய கிடங்கு இல்லை. மணலி ஆலையின் கொள்ளளவு மட்டும் இன்று ஆண்டுக்கு 105 லட்சம் டன்.

ஆனால் எண்ணெய் பாதுகாப்பு என்று பேசும்போது எண்ணெயை மட்டுமே எண்ணுகிற பழக்கம் மாறவில்லை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது மக்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பரவிய எண்ணெய், கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தையும் எண்ணூர் மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. சோழவரத்தைத் தாண்டி ஓடிவரும் அதே ஆறு அது. மணலி ஆலையின் அடுத்த விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்கும்போது, எந்த நாட்டு எண்ணெய், எத்தனை லட்சம் டன் என்ற விவரத்தோடு, எத்தனை லிட்டர் நீர், யாருடைய நிலத்தடியிலிருந்து, கழிமுகத்துக்கு என்ன காப்பு என்ற விவரமும் அதே கோப்பில் இருக்க வேண்டும். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளின் உப்பளவை ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். திருவள்ளூர் மாவட்ட மக்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.